பழைய இயந்திரமும் புதிய வர்ணமும்

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரை யடுத்த பீஸ்டனில், மைஃபோர்டு கம்பெனியார் 1946-ல் வெளியிட்ட எம்.எல்.7 என்னும் கடைசல் இயந்திரத்தை ஒருவர் செப்பனிட்டு முடித்தார் என்று கொள்வோம். இனி அதற்கு ஆலையார் பூசிய வர்ணமே வேண்டுமா? உடையவர் விரும்பிய நீலமோ சிவப்போ தகுமா? பழைய நிறத்தை மாற்றுவது துரோகம் என்பாருமுளர். நாம் அவர் பக்கம் நில்லோம்.

வர்ணம் எதற்கு? வார்ப்பிரும்பு துருவேறாதிருக்கவும், வார்ப்பின் சொரசொரப்பு மறையவுமே. பள்ளங்களில் பட்டி யிட்டு நிரப்பி, அதன் மேலேயே வர்ணம் பூசுவது ஆலைகளின் வழக்கம். ஆகவே பிறந்த நாளிலேயே அஃதொரு சட்டைதான். சட்டையை மாற்றுவதிற் குற்றமென்ன? வெளிர்நிற மாயின், எண்ணெய்க் கசிவும் வேலை செய்வோன் கண்ணுக்கு எளிதிற் புலப்படும்.

ஆனால், பொறித்த எண்ணின் மீதும் அளவுக் கோடுகளின் மீதும் தூரிகையை ஓட்டுவதை நாம் ஒப்போம். கணக்கேட்டிற் பிழை திருத்தும் குமாஸ்தாவும் பழைய தொகையைக் கோடிட்டு வைப்பானே யன்றிச் சுரண்டி யழியான். விரிசலைப் பட்டியால் மூடி, மினுக்கி விற்பதோ களவு. கடன்பட்டு அதை வாங்கும் ஏழைத் தொழிலாளி, அது வேலை நடுவே பிளக்கும்போதன்றோ உண்மை யறிவான்!

இன்னு மொன்று. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். உலர்ந்தபடி தேய்த்தால் அதன் தூள் மூச்சோடு உட்புகும். கூலிக்குச் சுரண்டும் பையனுக்கு அதைச் சொல்லாதவர், பிறகு நீலம் பூசினாலென்ன, சிவப்புப் பூசினாலென்ன?