ஏற்ற எல்லையும் இட்ட எல்லையும்

இல்லறத்தார் தம் நடமாட்டத்துக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய நெறி. வாழ்நாள் முழுமைக்குமான திசை விரதத்தை மேலும் சுருக்கி, இத்தனை நாள் வரை இந்த வீட்டை, இந்த ஊரை, இந்த வயலை, இந்த ஆற்றைத் தாண்டேன் என உறுதிகொள்வது தேசாவகாசிக விரதம். சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனை விளக்குகின்றன. நம்மில் பெரும்பாலோர் படித்துவிட்டு மறந்துபோகும் பகுதி இது. 2020ஆம் ஆண்டு மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் தடையாணையும், அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது, அந்த எல்லை அரசாணையின் வடிவில் நம் வாயிற்படியில் வந்து நின்றது. பிறர் இட்ட எல்லை நோன்பாகுமா? அதற்குள் நடந்து பெற்ற இன்பத்தை என்னவென்று சொல்வது?

பணி நிமித்தம் தெற்கே வந்து ஆழ்வார்குறிச்சியில் தங்கிவிட்ட எம் போன்றோருக்கு அந்நாள்களில் வாய்த்த உலகம் மிகச் சிறியது. கொல்லைப்புறக் கதவு, அதனை அடுத்த வரப்பு, வாய்க்கால் கரை, அவ்வளவே. மேற்கே மலைத்தொடர். அங்கிருந்து இறங்கிச் சிவசைலம் வழியே வரும் கடனா நதி, திருப்புடைமருதூர் அருகே தாமிரபரணியில் சேர்கிறது. பங்குனியின் பிற்பகுதி. பிசான நெல் அறுவடை முடிந்து வயல்களில் தாள் மட்டும் நின்றது. சில இடங்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். வேம்பு பூத்து, உதிர்ந்த பூ வரப்பெங்கும் கிடந்தது. சித்திரை நெருங்கக் கொன்றையும் பூத்தது. மேல்நாட்டார் வசந்தமென்று கொண்டாடும் பருவம் நமக்கு வெயில் ஏறும் பருவம். அதன் இனிமையெல்லாம் விடியற்காலத்து இரண்டு நாழிகைக்குள் அடங்கிவிடும். அந்த இரண்டு நாழிகையே நம் நடை. திருநெல்வேலி – செங்கோட்டை ரயிலின் ஓசையுமில்லை, பேருந்துமில்லை. மயில் அகவுவதும் செம்போத்தின் குரலும் எந்தத் தோப்பிலிருந்து வருகின்றன என்று நின்ற இடத்திலிருந்தே சொல்ல முடிந்தது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் முனிவர்களுக்கு விதிக்கப்பட்ட ஈரியா சமிதி, முன்னால் நான்கு முழ நிலத்தைப் பார்த்து அடிவைக்கச் சொல்கிறது. இயற்கையைச் சுவைக்க நடப்பவருக்கோ கண் மலைமேல் போகிறது. கண் மலைமேல் போனால் கால் எறும்பின்மேல் போகும். தனியாக நடக்கையில் இதற்கொரு வழி எளிதாக அமைந்தது: நடக்கும்போது நிலம், நின்றபின் மலை. உடன் பேசிக்கொண்டு வருபவர் ஒருவர் இருந்தால் இது நடவாது. உதிர்நெல்லை இழுத்துச் செல்லும் எறும்புச்சாரி வரப்பைக் குறுக்கே கடக்கும் இடங்களை, மூன்றாம் நாளிலேயே நாம் மனப்பாடமாக அறிந்திருந்தோம்.

தனிமை என்னும் சொல்லும் அந்த ஆண்டில் வேறு பொருள் பெற்றது. பன்னிரு சிந்தனைகளுள் ஒன்றாக நாம் ஓதும் ஏகத்துவம், உயிர் தனியே பிறந்து தனியே வினை நுகர்வதை எண்ணுவது. 2020இல் தனிமை என்பது வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவிப்பாயிற்று. அச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்தவர் எவருமிலர்.

நம் நடைக்கு இனிமை தந்த அமைதி எதனால் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இப்பக்கத்துப் பெண்கள் பலருக்குப் பீடி சுற்றுவதே கைக்காசு. புகையிலையை நாம் ஏற்பதில்லை என்பது வேறு. அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது வேறு. ஊரடங்கில் இலையும் தூளும் வரவில்லை, கூலியும் நின்றது. வடக்கே, ஊர் திரும்ப வண்டியின்றி நடந்தவர்கள் எண்ணற்றோர். மே 8 விடியலில், மகாராட்டிரத்து ஜால்னாவிலிருந்து தண்டவாளம் வழியே நடந்துவந்து, அவுரங்காபாத் அருகே களைப்பால் அதன்மீதே உறங்கிய தொழிலாளர் 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டனர். அவர்கள் நடந்ததும் நடைதான், அதே இளவேனிலில். இங்கிலாந்தில் நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சிக்கு வெளியே செல்ல அனுமதி இருந்தது. ஸ்பெயினில் பெரியவர்களுக்கு மே 2 வரை அதுவும் இல்லை. நம் நாட்டு ஆணையில் நடைப்பயிற்சி என்ற சொல்லே கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்தால் வரப்பு இருப்பது ஒரு வாய்ப்பு. நாம் தேடிய புண்ணியமன்று.

விரும்பி ஏற்காமல், சிறைப்பட்டவனைப் போலப் பசியையும் தாகத்தையும் பொறுத்திருப்பதற்கும் தத்துவார்த்த சூத்திரம் அகாம நிர்ஜரை என்று பெயரிட்டு ஓரளவு பயன் கூறுகிறது. தண்டவாளத்தில் நடந்தவர்களுக்கு அந்தச் சொல்லைச் சூட்டி நாம் ஆறுதல் அடைவது கொடுமை. அது துன்பப்படுபவனின் உள்ளத்தைப் பற்றிய சொல். பார்த்திருப்பவனின் மனச்சமாதானத்துக்கு ஆக்கியதன்று. நம் நடையோ அந்தக் கணக்கில் வரவே வராது. வேளைக்கு உண்டு, விடியலில் உலவி, குயிலைக் கேட்டவருக்கு எந்த வினையும் உதிர்ந்திருக்க வழியில்லை. கிடைத்தது இன்பம், அதனை இன்பம் என்றே சொல்வோம், நோன்பென்று சொல்ல வேண்டாம்.

அவ்வின்பம் பாவமா என்றால், அன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று வினை மூவகைப்படும். வேம்பின் மணத்தை நுகர்ந்தவர் எவருடைய பசிக்கும் உடன்படவில்லை. ஆனால் அந்நாளில் படித்தவர்கள் சிலர், "பூமி இளைப்பாறுகிறது, இப்படியே சில மாதம் நீடிக்கட்டுமே" என்று பேசக் கேட்டோம். உடன்படுதல் தொடங்கும் இடம் அதுதான். பூவில் மகிழ்வதற்கும், அந்த வெறுமை நீள வேண்டுமென விரும்புவதற்கும் இடையே ஒரு வரப்பளவு தூரமே உள்ளது.

இப்போதும் பங்குனியில் அதே வரப்பில் நடக்கிறோம். ரயில் ஓசை கேட்கிறது. செம்போத்தின் குரல் எங்கிருந்து வருகிறதென்று முன்போல் துல்லியமாகத் தெரிவதில்லை. சுற்றிய பீடிகளைக் கடையில் கணக்குக் கொடுக்கச் செல்லும் பெண்கள் எதிரே வந்தால், எறும்புச்சாரி இல்லாத பக்கமாகப் பார்த்து ஒதுங்கி வழிவிடுகிறோம்.