மேஜரான பிள்ளையும் பெற்ற கடனும்

அயர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த மகளின் படிப்புக்காக அப்பா 43 லட்சம் ரூபாய் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றாள். பெற்றோர் பிரிந்து சுமார் 26 ஆண்டுகள் ஆகியிருந்தன; அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அவளுடைய தன்மானம் இடம் கொடுக்கவில்லை. திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அப்பா அதற்கும் மறுத்துவிட்டார். பெற்றவருக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம் என்று 43 லட்சம் நடுவில் நின்றது. 2025 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் அமர்வு, அது மகளின் பணம்தான் என்று தீர்த்துவைத்தது. படிப்புச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறுவது மகளின் சட்டபூர்வ உரிமை, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அவள் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, விருப்பம்போல் செலவழிக்கலாம்.

பணத்தின் கணக்கு அத்தோடு முடிந்தது. மகள் எழுப்பிய கேள்வி முடியவில்லை. வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றவர் கொடுப்பது கடனா, தயவா? கடன் என்றால் வாங்கிக்கொள்வதில் மானக்கேடு ஏது? தயவு என்றால் கோர்ட்டுக்கு அங்கே என்ன வேலை?

மதங்கள் இந்தக் கேள்வியோடு வெகுகாலமாக மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. இரண்டாம் நூற்றாண்டில் கலிலேயாவின் ஊஷா என்னும் ஊரில் கூடிய யூத அறிஞர்கள், சிறு பிள்ளைகளுக்குத் தகப்பன் சோறு போட்டாக வேண்டும் என்று விதித்தார்கள். தால்முத் என்னும் யூதச் சட்டத் தொகுப்பின் மரபில் கட்டாயக் கடமையின் எல்லை ஆறு வயது. அதற்குப் பிறகும் கைவிரிக்கும் தகப்பனை என்ன செய்வது? ஒரு ரப்பி சொன்ன வழி: ஊர் நடுவில் உரலைக் கவிழ்த்துப் போட்டு, காக்கைகூடத் தன் குஞ்சை வேண்டும் என்கிறது, இந்த மனிதனுக்கு வேண்டாமாம் என்று அவனை எல்லோர் முன்னிலும் அறிவிக்கச் செய்வது. வசதி உள்ளவன் என்றால் அவனிடம் வற்புறுத்தியே வாங்கலாம்; ஆனால் அது தர்மக் கணக்கில் சேரும். ஆறு வயது வரை கடன், அதன் பிறகு தர்மம், நடுவில் ஊர் சிரிக்கும் என்ற பயம். அந்த எல்லையைத் தலைமை ரப்பிகள் 15 வயதுக்கு உயர்த்தியது 1944இல்தான்.

ஹனஃபி இஸ்லாமியச் சட்டம் வயதை விட்டுத் திராணியைப் பார்த்தது. மகன் சம்பாதிக்கும் நிலைக்கு வரும்வரை, மகள் மணமாகும்வரை, பராமரிப்பு தந்தையின் பொறுப்பு. கல்வியில் மூழ்கியிருக்கும் மகனை இன்னும் சம்பாதிக்க முடியாதவனாகவே கருதலாம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. கல்லூரிக் கட்டணம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இப்படி யோசித்திருக்கிறார்கள்.

இந்தியச் சட்டத்துக்கு ஒரே சீரான பதில் கிடையாது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, பிள்ளை மேஜரானதும் பொதுவாகக் கையை விட்டுவிடுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டமோ, தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத மணமாகாத மகளைப் பராமரிக்கச் சொல்கிறது. மகனுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. பெண் என்றால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் என்ற பழைய கணக்கு இதில் அப்படியே இருக்கிறது. அந்தக் கணக்கு சரியில்லை. ஆனால் அதன் தயவில் இன்று பல பெண்கள் டிகிரி முடிக்கிறார்கள்.

மகன்களின் விஷயத்தில் நீதிமன்றங்கள் முட்டுக்கொடுத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. 2021இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், மகனுக்கு 18 முடிந்தது, இனி என் பொறுப்பில்லை என்பது தந்தையின் வாதம். பதினெட்டில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத்தான் முடித்திருப்பான். மீதிச் செலவு முழுவதையும் தாய் தலையில் கட்ட முடியாது என்றது நீதிமன்றம். மகன் பட்டம் பெறும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை, எது முந்துகிறதோ அதுவரை, மாதம் 15,000 ரூபாய். விஷயத்தின் நாடி இதுதான். பதினெட்டாம் பிறந்தநாளில் கடமை தீர்ந்துபோவதில்லை; பிள்ளை யாருடன் இருக்கிறதோ அவர் தோளுக்கு மாறுகிறது. அவர் பெரும்பாலும் தாய்.

ஏன் இந்தக் கடமை என்று கேட்ட தத்துவவாதிகளில் இம்மானுவேல் காண்ட் கறாரானவர். 1797இல் அவர் வைத்த வாதம்: ஒரு மனித உயிரை அதன் சம்மதம் கேட்காமல் உலகுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், ஆகவே அது தன் நிலையில் நிறைவாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பிள்ளை சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியதும் விடுபடுகிறது. வளர்த்த செலவைத் திரும்பக் கேட்கப் பெற்றோருக்கு உரிமையில்லை. நன்றியை எதிர்பார்க்கலாம், வழக்குப் போட முடியாது. 2019இல் மும்பையில் ஓர் இளைஞர், என்னைக் கேட்காமல் பெற்றதற்காகப் பெற்றோர் மீது வழக்குத் தொடுப்பேன் என்று கிளம்பினார். அவருடைய அம்மா, அப்பா இருவருமே வக்கீல்கள். பிறப்பதற்கு முன் உன்னிடம் எப்படிச் சம்மதம் வாங்கியிருக்கலாம் என்று விளக்கிவிடு, தப்பை ஒப்புக்கொள்கிறேன் என்றார் அம்மா. காண்ட் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

காண்டின் வழியில் போனால் அயர்லாந்து மகளுக்கு மானக்கேடு எதுவும் இல்லை. கடனைத் திருப்பி வாங்குகிறவர் யாரும் தலைகுனிவதில்லை. ஆனால் கடன் என்று ஆகிவிட்டால் பெற்றவரின் கட்டளைக்கு என்ன இடம்? 2014இல் நியூ ஜெர்சியில் 18 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி வீட்டை விட்டு வெளியேறி, வாரம் 650 டாலரும் படிப்புச் செலவும் கேட்டுப் பெற்றோர் மீதே வழக்குத் தொடுத்தாள். வீட்டு ஒழுங்குக்குக் கட்டுப்பட மறுத்துத் தானாகப் போனாள் என்றார்கள் அவர்கள். இடைக்காலத் தொகை தர நீதிபதி மறுத்தார். சில நாட்களில் அவள் வீடு திரும்பினாள்.

அந்த மாநிலத்தில் விவாகரத்தான பெற்றோரைக் கல்லூரிச் செலவு தரவைக்க 1982 முதலே தெளிவான வழிமுறை உண்டு. பக்கத்துப் பென்சில்வேனியா அதே நோக்கில் 1993இல் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சேர்ந்து வாழும் பெற்றோரைக் கட்டாயப்படுத்தாத சட்டம் பிரிந்தவர்களை மட்டும் கட்டாயப்படுத்தினால் சமத்துவம் எங்கே என்பது காரணம். தர்க்கம் பிசகில்லை. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே ஃபீஸ் கட்டும் தேதி நெருங்கும்போது அம்மா நச்சரிப்பாள், தாத்தா சொல்லிப் பார்ப்பார், அப்பா முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார். பிரிந்த வீட்டில் நச்சரிக்க ஆளில்லை. அந்த வேலையைத்தான் கோர்ட் செய்கிறது. சமத்துவம் பேசிய நீதிபதிகள் இதைக் கவனித்திருக்கலாம்.

எங்காவது நிறுத்தத்தான் வேண்டும். இத்தாலியில் அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவே பெற்றோரின் பராமரிப்புக் கடமையைச் சொல்கிறது. 2002இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், கிடைத்த வேலைகளை வேண்டாம் என்று தள்ளிய, முப்பதை நெருங்கும் ஒரு சட்டப் பட்டதாரிக்குத் தந்தை தொடர்ந்து பணம் தர வேண்டும் என்று சொல்லிப் பலத்த கேலிக்கு ஆளானது. 2020இல் அதே நீதிமன்றம், பகுதிநேர இசை ஆசிரியராக இருந்த 35 வயது மகனுக்கு இனி உரிமையில்லை, தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. கடன் பிள்ளையை நிற்கவைப்பதற்கு. நின்ற பிறகும் தாங்கிப் பிடிப்பதற்கு அல்ல.

நிற்கவே முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பகுத்தறிவு முதிராதவர் வயது வந்த பிறகும் பெற்றோரின் பொறுப்பிலேயே இருப்பார் என்று ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதினார். இந்தியச் சட்டமும் உடல், மனக் குறைபாட்டால் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மேஜரான பிறகும் உரிமை தருகிறது. ஆனால் பதினெட்டு அந்த வீடுகளுக்கும் வருகிறது. வந்தவுடன் அம்மாவும் அப்பாவும் சட்டத்தின் கண்ணில் தாமாகவே காப்பாளர்களாக இருப்பது நின்றுபோகிறது. ஆட்டிசமோ பெருமூளை வாதமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள மகனுக்காகத் தொடர்ந்து கையெழுத்துப் போட, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் அவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். மற்ற பெற்றோர் கடமை முடிந்ததா என்று கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும் வயதில், இவர்கள் அதைத் தொடர அனுமதி கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறார்கள்.