முதியவர் கைகளில் குழந்தை

கிறிஸ்து பிறந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் படங்களின் வாயிலாகவே அறிந்திருக்கிறோம். தொழுவம், வைக்கோல், தாயும் சேயும், அருகில் சூசையப்பர், வாயிலில் இடையர்கள், தொலைவில் ஒட்டகங்களின்மீது வரும் ஞானியர். இப்படங்களில் இடம்பெறாத சிலர் லூக்கா நற்செய்தியின் முதலிரண்டு அதிகாரங்களில் இருக்கின்றனர். அவர்கள் வயது முதிர்ந்தவர்கள்.

அந்த நற்செய்தியின் கதை ஒரு முதிய தம்பதியரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆலயத்தில் குருப்பணி புரிந்த செக்கரியாவும் அவருடைய மனைவி எலிசபெத்தும் மகப்பேறின்றி முதுமை எய்தியவர்கள். மகன் பிறப்பான் என்ற தேவதூதரின் சொல்லை நம்பத் தயங்கியதால் செக்கரியா பேச்சிழக்கிறார். குழந்தைக்கு யோவான் என்று பெயர் எழுதிக் காட்டிய பிறகே அவரது நா கட்டவிழ்கிறது. பின்னர் குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டு வருகின்றனர். மோசேயின் சட்டப்படி அது பிறப்பின் நாற்பதாம் நாள். இதனாலேயே திருச்சபை இந்நிகழ்ச்சியைப் பிப்ரவரி 2-ஆம் நாள் நினைவுகூர்கிறது. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள் செலுத்தும் காணிக்கை இரண்டு புறாக்கள். அந்த ஏழைப் பெற்றோரை அங்கே எதிர்கொண்டவர்கள் சிமியோனும் அன்னாவும். அன்னா ஏழே ஆண்டுகள் இல்லறம் நடத்திக் கணவரை இழந்தவர். எண்பத்து நான்கு வயதிலும் ஆலயத்தை விட்டு அகலாமல் நோன்பிலும் ஜபத்திலும் காலம் கழித்தவர். சிமியோனின் வயதை லூக்கா கூறவில்லை. மெசியாவைக் காணாமல் சாவதில்லை என்ற வாக்குறுதியைப் பெற்றுக் காத்திருந்தவர் என்பதால் மரபு அவரை முதியவராகவே கண்டது.

சிமியோன் குழந்தையைக் கைகளில் ஏந்துகிறார். இனித் தாம் அமைதியாக விடைபெறலாம் என்று இறைவனைப் போற்றுகிறார். அவரது அந்தத் துதியை ரோமைத் திருச்சபை தன் இரவு ஜபத்தில் நாள்தோறும் சேர்த்திருக்கிறது. இவ்வளவையும் நான் முதுகலை வகுப்பிலேயே படித்திருந்தேன். படித்ததில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. அதைக் கவனிக்கச் செய்தவர்கள் லிலுவாவில் வாழ்ந்த ஒரு தம்பதியர்.

அது 2006-ஆம் ஆண்டு. அப்போது நான் பேலூர் மடத்தில் பயிற்சி பெறும் பிரம்மசாரி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நம் சங்கத்துக்கு எவ்வளவு உரியது என்பது அன்பர்கள் அறிந்ததே. 1886 டிசம்பரில் நரேந்திரரும் சகோதரச் சீடர்களும் ஆண்ட்பூரில் துனி நெருப்பைச் சூழ்ந்து அமர்ந்தனர். நரேந்திரர் ஏசுவின் தியாக வாழ்வை எடுத்துரைக்க, அனைவரும் துறவு பூண உறுதி கொண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பதைப் பிறகுதான் உணர்ந்தார்கள். அதன் நினைவாக மடத்தில் அன்று மாலை ஆரதிக்குப் பின், குழந்தையை ஏந்திய மரியன்னையின் படம் மலர்களாலும் மெழுகுவர்த்திகளாலும் அலங்கரிக்கப்படும். கேக்கும் பழங்களும் நிவேதிக்கப்படும். கீதங்கள் பாடி, நற்செய்தி வாசிக்கப்படும்.

அந்தத் தம்பதியர் வங்காளக் கத்தோலிக்கர்கள். ஆண்டுதோறும் இந்த வழிபாட்டில் அமர்ந்திருந்துவிட்டு, பிறகு தங்கள் தேவாலயத்தின் நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்வது அவர்கள் வழக்கம். அவர் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மையார் மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். வங்காள வழக்கப்படி அம்மையாரை நாங்கள் 'மாஷிமா' என்று அழைப்போம். அவ்வாண்டு பெரியவருக்கு முழங்கால் வலி, அவர்கள் வரவில்லை. எனவே 26-ஆம் தேதி பிற்பகல், மூத்த சுவாமிஜி ஒருவர் பிரசாதத்தைக் கொடுத்து என்னை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்.

சிறிய வீடு. சன்னலோரத்தில் காகிதத்தாலும் களிமண்ணாலும் ஆன குடில். நடுக்கூடத்தில் திறந்த பெட்டி ஒன்று. மகள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜாம்ஷெட்பூரிலிருந்து கைக்குழந்தையுடன் 24-ஆம் தேதி வந்தவள், அன்று மாலை ரயிலிலேயே திரும்புகிறாள். ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லியிருந்தாளாம். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. கனடாவிலிருந்த மகன் வரவேயில்லை. அது தொடர்ந்து நான்காவது ஆண்டு. பெரியவர் சுவரில் சாய்ந்து அமர்ந்து மடியில் பேரக்குழந்தையை வைத்திருந்தார். மாஷிமா, பனைவெல்லப் பாகில் ஊறிய பிட்டேக்களை ஒரு டப்பாவில் அடைப்பதும், போதாதென்று வேறு டப்பா தேடுவதுமாக இருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். தத்துவத்தில் பட்டம் பெற்ற மிடுக்கும், காவி இன்னும் கிடைக்காதவனுக்கு உரிய அவசரமும் என்னைப் பேச வைத்தன. கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஞானத்தின் அடையாளங்களாகக் கூறப்படும் 'அஸக்தி', 'அனபிஷ்வங்கம்' என்ற இரண்டையும் விளக்கினேன். பிள்ளை, மனைவி, வீடு ஆகியவற்றில் பற்றின்றி இருத்தல் என்றேன். போதாததற்கு, குருதேவர் கூறிய பணிப்பெண் உவமையையும் சொன்னேன்: செல்வர் வீட்டுப் பணிப்பெண் எஜமானரின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள்போல் வளர்ப்பாள், ஆனால் அவர்கள் தன்னுடையவர்கள் அல்லர் என்பது அவளுக்கு உள்ளூரத் தெரியும்.

மாஷிமா டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை.

"மகராஜ், அந்தப் பணிப்பெண் நானேதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஊரார் குழந்தைகளை முதன்முதலில் கையில் வாங்கியவள் நான். 'பொடோதின்' இரவில் எத்தனையோ முறை பணியில் இருந்திருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டும் தங்கள் பாட்டியோடு திருப்பலிக்குப் போவார்கள். வாங்கிய குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். ஒருநாளும் அழுததில்லை. பற்றின்மை எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? என் பிள்ளைகளிடத்தில் அது அளவுக்கு மீறியே இருந்துவிட்டதோ என்றுதான் இப்போது அழுகிறேன்."

எனக்குப் பதில் தோன்றவில்லை. மகள் அடுக்குவதை நிறுத்திவிட்டாள். வெளியே சைக்கிள் ரிக்ஷாக்காரர் மணி அடித்தார்.

அப்போது பெரியவர் செய்த காரியத்தை இன்றும் என் மனக்கண்ணால் காண்கிறேன். அதுவரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. குழந்தையை இரு கைகளாலும் தூக்கி, அதன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். சிறிது நேரம் முகத்தோடு முகம் வைத்திருந்தார். பிறகு, முழங்கால் வலியோடு எழுந்து நின்று, குழந்தையை மகளின் கைகளில் வைத்தார். 'இன்னும் ஒரு நாள்' என்று அவர் கேட்கவில்லை. 'அடுத்த முறை எப்போது' என்றும் கேட்கவில்லை. ஆனால் அவரது முகத்தில் தெரிந்த அன்பைக் குறைவானது என்று எவராலும் சொல்ல முடியாது.

நான் கவனிக்காமல் விட்டது இதுவே. சிமியோன் குழந்தையை ஏந்தினார் என்பதைப் படித்திருந்தேன். திருப்பிக் கொடுத்தார் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. ஆயுள் முழுவதும் காத்திருந்து பெற்ற ஒன்றைச் சில நிமிடங்கள் கையில் வைத்திருந்து தாயிடமே சேர்த்துவிடுகிறார். அந்தக் குழந்தை வளர்ந்து போதிப்பதைக் காண வேண்டும் என்று அவர் வரம் கேட்கவில்லை. தாயின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று மரியாளிடம் கூறவும் செய்கிறார். வரப்போகும் துயரத்தை மறைத்துப் பேசவும் இல்லை, அதைக் கண்டு குழந்தையை இறுக அணைத்துக்கொள்ளவும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்துச் சங்கரரின் கீதா பாஷ்யத்தைத் தமிழில் விளக்கி எழுத முற்பட்டபோது 'அனபிஷ்வங்கம்' என்ற சொல்லிடம் நெடுநேரம் நின்றுவிட்டேன். இரண்டு சொற்களுக்கும் 'பற்றின்மை' என்றே எழுதிவிட்டுப் போவது மொழிபெயர்ப்பாளனுக்கு எளிது. ஆசார்யர் வேறுபாடு காட்டுகிறார். அபிஷ்வங்கம் என்பது ஒருவகைத் தனிப் பற்று. மற்றொருவரைத் தானாகவே பாவிப்பது. அவர் சுகமாக இருந்தால் நானே சுகி, அவர் துன்புற்றால் நானே துக்கி, அவர் வாழ்ந்தால் நானே வாழ்கிறேன் என்று அவர்மீது தன்னை ஏற்றி வைப்பது. நீக்கச் சொன்னது இந்த ஏற்றத்தை, அன்பை அன்று. வேலையின் மும்முரத்தால் பிள்ளைகளை விட்டு விலகி இருந்ததைப் பற்றின்மை என்று நினைத்து மாஷிமா தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டார். நானோ தூரத்தையே பற்றின்மை என்று அவருக்கு உபதேசித்தேன். எங்கள் இருவரின் பிழையும் ஒன்றுதான். அவருடையது அன்பிலிருந்து வந்தது, என்னுடையது புத்தகத்திலிருந்து.

அவ்வார இறுதியில், 31-ஆம் தேதி ஞாயிறு மாலை, இருவரும் மெல்ல நடந்து மடத்துக்கு வந்தனர். கங்கைக் கரையில் அமர்ந்திருந்தவர்களிடம் சென்று வணங்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், மாஷிமா முந்திக்கொண்டார்.

அன்று திருக்குடும்ப ஞாயிறு. பன்னிரண்டு வயது இயேசு பெற்றோருக்குத் தெரியாமல் எருசலேமில் தங்கிவிட, அவர்கள் மூன்று நாள் கழித்து அவரை ஆலயத்தில் கண்டெடுத்த பகுதி அன்று வாசிக்கப்பட்டதாம். தம் தந்தையின் இல்லத்தில் தாம் இருக்க வேண்டும் என்பது தெரியாதா என்று மகன் கேட்க, பெற்றோருக்கு அது புரியவில்லை என்கிறார் லூக்கா.

"தேவமாதாவுக்கே புரியவில்லை, மகராஜ். எத்தனையோ ஆண்டுகள் கேட்ட வாசகம். இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். எப்போதும் முதல் கேள்வி 'எப்போது வருவாய்' என்பதுதான். அதனாலேயே அவன் சீக்கிரம் பேச்சை முடித்துவிடுவான். இன்று 'சாப்பிட்டாயா' என்று மட்டும் கேட்டேன்."

"அங்கே அப்போது நள்ளிரவு" என்றார் பெரியவர், ஆற்றைப் பார்த்தபடி.

"ஆமாம், தூக்கத்தில் எழுந்தான்" என்று மாஷிமா சிரித்தார். "ஆனால் அரைமணி நேரம் பேசினான்."

தக்ஷிணேசுவரத்தின் விளக்குகள் அக்கரையில் ஒவ்வொன்றாய்த் தெரியத் தொடங்கின. மாஷிமா பையைத் திறந்து, மகளுக்கு அடைத்ததுபோக மீந்த பிட்டே இரண்டை என் கையில் வைத்தார்.