அன்பினால் பரவும் அச்சம்

செய்தி ஒன்று கைபேசிக்கு வருகிறது. படித்த கணமே மனம் கொதிக்கிறது, அல்லது நடுங்குகிறது. அடுத்த கணம் விரல் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறது. அரசியலாயினும், பண்பாடாயினும், அண்டை வீட்டு நிகழ்ச்சியாயினும் சமூக வலைத்தளங்களில் எதிர்வினை பெரும்பாலும் இவ்வாறே பிறக்கிறது. 'நான் எதையும் கற்பனை செய்யவில்லை, வந்ததை அனுப்பினேன், அதுவும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினேன்' என்பது அனுப்பியவரின் சமாதானம். நல்லெண்ணம் இருந்தால் பொறுப்பு நீங்கிவிடுமா? இக்கேள்விக்கான பாடம் ஒன்றைப் பெங்களூர் மாநகரம் 2012-ஆம் ஆண்டிலேயே தந்திருக்கிறது.

நிரம்பி வழிந்த ரயில் நிலையம்

அவ்வாண்டு ஜூலையில் அஸ்ஸாமின் கோக்ராஜார் பகுதியில் போடோ மக்களுக்கும் முஸ்லிம் மக்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. பலர் உயிரிழந்தனர், லட்சக்கணக்கானோர் முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். ஆகஸ்டில் புனேயில் வடகிழக்கு மாநிலத்தவர் சிலர் தாக்கப்பட்டனர். இவை நடந்த நிகழ்ச்சிகள். இவற்றோடு ஒரு வதந்தியும் சேர்ந்துகொண்டது. ரம்ஜான் பண்டிகைக்குப் பிறகு பெங்களூரில் வாழும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்று குறுஞ்செய்திகளும் வலைத்தளங்களும் கூறின.

ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கி ஆயிரக்கணக்கானோர் ரயில் நிலையத்தில் குவிந்தனர். மாணவர்கள், காவலாளிகள், உணவு விடுதிப் பணியாளர்கள் எனப் பலரும் அதில் இருந்தனர். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. மத்திய அரசு ஒரே நேரத்தில் பலருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை 15 நாட்களுக்குத் தடை செய்தது. ஆனால் மக்கள் அஞ்சிய அந்தப் பெருந்தாக்குதல் பெங்களூரில் நிகழவேயில்லை.

கயிற்றைப் பாம்பென்று கண்டு நடுங்குபவனின் உவமையை வேதாந்தம் கூறுகிறது. பாம்பு பொய், ஆயினும் நடுக்கம் மெய். பெங்களூரில் தாக்குதல் பொய். இழந்த வேலையும் தடைப்பட்ட படிப்பும் மெய்.

ஆப்தர் யார்?

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் தீயவர்களா? அல்லர். தொடங்கியவர் சிலரின் உள்நோக்கம் எதுவாயினும், பரப்பியவர்களில் பலர் தாய்மார்கள், உடன்பிறந்தோர், அறைத் தோழர்கள். 'பத்திரமாக இரு' என்ற அன்பே வதந்திக்குக் கால்களாயிற்று. இங்குதான் சிந்திக்க வேண்டியது இருக்கிறது.

நியாய தரிசனம் ஆப்தரின் சொல்லை அறிவுக்குரிய பிரமாணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. ஆப்தர் யார்? பொருளை உள்ளபடி நேரில் அறிந்தவர். அறிந்ததை அவ்வாறே உணர்த்த விரும்புபவர். இவ்விலக்கணம் ரிஷிகளுக்கும் அந்நியருக்கும் ஒன்றே என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். பிறப்போ உறவோ ஒருவரை ஆப்தராக்குவதில்லை. அண்ணன் அனுப்பிய செய்தியில் அண்ணனின் அன்பு இருக்கிறது, அறிவு இல்லை. அவர் நிகழ்ச்சியைக் கண்டவர் அல்லர். ஆயினும் பெறுபவர் அண்ணன் மீதுள்ள நம்பிக்கையை, முகமறியாத எவரோ எழுதிய வாக்கியத்தின்மீது வைத்துவிடுகிறார். அன்பு இங்கே அறியாமைக்குச் சான்றிதழ் வழங்குகிறது.

அக்காலத்தில் பரவிய ஒரு படம் இதைத் தெளிவாக்கும். சடலங்களின் நடுவே பௌத்தத் துறவிகள் நிற்கும் அப்படம், மியான்மரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதன் சாட்சி எனக் காட்டப்பட்டது. உண்மையில் அது 2010-இல் திபெத்திய மக்கள் வாழும் யூஷு பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது எடுக்கப்பட்டது. இறந்தவர்களுக்கு இறுதிக்கடன் ஆற்ற வந்தவர்கள் கொலைகாரர்களாகக் காட்டப்பட்டனர்! படம் பொய்யன்று, அதனோடு சேர்த்த சொல்லே பொய்.

ஆபத்து உண்மையாயிருந்தால்?

'சரிபார்க்கும்வரை காத்திருந்து, ஆபத்து மெய்யாகிவிட்டால் என்ன செய்வது?' என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. புனே நிகழ்ச்சிகளை அறிந்த பின், ரயிலேறியவர்களைக் கோழைகள் என்று எவரும் கூற முடியாது. சிறுபான்மையாக வாழ்பவரின் அச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் எச்சரிப்பது வேறு, பரப்புவது வேறு. எச்சரிப்பவர் ஒரு மனிதரை நோக்கிப் பேசுகிறார். 'நான் பார்க்கவில்லை, இன்னாரிடம் கேட்டேன்' என்று தம் அறிவின் எல்லையைச் சொல்கிறார். தவறென்று தெரிந்தால் திரும்ப வந்து திருத்துகிறார். தேவையானால் துணைக்கும் நிற்கிறார். பரப்புபவர் அனுப்பியதோடு மறந்துவிடுகிறார்.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விலையை அதே நகரம் மீண்டும் கண்டது. குழந்தை கடத்துவோர் திரிகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியிருந்த 2018 மே மாதத்தில், வேலை தேடி வந்த ராஜஸ்தான் இளைஞர் ஒருவர் சாமராஜ்பேட்டையில் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். பெற்ற பிள்ளைகள் மீதுள்ள பாசம், மற்றொரு தாயின் பிள்ளையைப் பலிகொண்டது. நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தபின், அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. கருவிக்கு வரம்பிடலாம், மனத்திற்கு வரம்பிடுவது விவேகம் ஒன்றே.

வாக்கின் தவத்தைப் பற்றிக் கீதையின் 17-ஆம் அத்தியாயம் பேசுகிறது. பிறரைக் கலங்கச் செய்யாமை, உண்மை, இனிமை, நன்மை ஆகிய நான்கும் அங்கு ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளன. நன்மையை நாடுகிறேன் என்று கூறி உண்மையை விட்டுவிட அதில் இடமில்லை. இன்று விரலும் வாக்கின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆகவே அதற்கும் இத்தவம் உரியதே. செய்தி வந்ததும், 'இதை எழுதியவர் கண்டவரா? நான் கண்டேனா?' என்று ஒரு கணம் நின்று கேட்பது பெரிய சாதனையாகத் தோன்றாது. ஆனால் அந்த ஒரு கணம் கிடைத்திருந்தால், பல்லாயிரம் பேர் அன்று தங்கள் வீட்டிலேயே உறங்கியிருப்பார்கள். அறிவோடு இணைந்த அன்பே பிறரைக் காக்கும்.