பழத்தின் நிறம் எங்கே இருக்கிறது?

பறித்த புளூபெர்ரியை நறுக்கினால் உள்ளே வெளிறிய பச்சைச் சதைதான் தெரியும். நீலமெல்லாம் தோலோடு சரி. அதையே ஃப்ரீசரில் வைத்தெடுத்து, உருகியபின் நறுக்கினால் சதையெல்லாம் ஊதா. தட்டிலும் கொஞ்சம் சாயம் தேங்கியிருக்கும்.

தோலின் செல்களுக்குள் இருக்கும் நுண்பைகளில் ஆந்தோசயனின் என்ற நிறமி அடைபட்டிருக்கிறது. பழம் மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து செல்களைக் கிழித்துவிடுகின்றன. உருகும்போது நிறமி கசிகிறது. அதுவரை அதை எட்டாத நொதிகளும் ஆக்சிஜனும் அதன்மேல் பாய்கின்றன. மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் பெருமளவு தாக்குப்பிடித்த நிறம், உருகியபின் வேகமாக மங்குகிறது. பிளாக்பெர்ரியோ குளிரில் இருந்தபின் ஆங்காங்கே கருமை போய்ச் சிவந்துவிடும்.

அப்படியானால் நிறம் பழத்துக்குச் சொந்தமா?

1664-இல் வேதியியலாளர் ராபர்ட் பாயில், வயலட் பூவின் சாறு அமிலம் பட்டால் சிவப்பதையும் காரம் பட்டால் பச்சையாவதையும் எழுதினார். அவரை நன்கறிந்த தத்துவவாதி ஜான் லாக், பொருளில் இருப்பது நிறத்தை நமக்குள் எழுப்பும் ஆற்றல் மட்டுமே, இருட்டில் நிறமே இல்லை என்றார். ஆனால் ஃப்ரீசரின் இருட்டிலும் நிறமி மெல்லச் சிதைகிறது. பார்க்கக் கண்ணே இல்லாத இடத்தில் நடக்கும் அந்த இழப்பு பழத்தினுடையதுதான்.

இழப்பது முழுப்பழமா, அதன் கூறுகளா? இந்தியத் தத்துவவாதிகள் இதைச் சூளையில் சிவக்கும் மண்பானையை வைத்து நுணுக்கமாக வாதிட்டார்கள். பானை அணுக்களாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மீண்டும் கூடுகின்றன என்றனர் வைசேஷிக மரபினரான வைசேஷிகர். இதற்குப் பீலுபாகம் என்று பெயர். நியாய மரபினரான நையாயிகர் ஒப்பவில்லை. நுண்துளைகள் வழியே வெப்பம் புக, பானை பானையாக இருக்கும்போதே சிவக்கிறது என்பது அவர்களுடைய பிடரபாகம். உடைந்து மறுபடி உருவானதென்றால் 'அதே பானை' என்று எப்படி அடையாளம் காண்கிறோம் என்று மடக்கினார்கள்.

அவர்கள் பேசியது வெப்பத்தைப் பற்றி. ஆனாலும் ஃப்ரீசர் பழத்துக்கு அந்த வாதம் அழகாகப் பொருந்துகிறது. சாயம் இடம்பெயர்ந்து சதை ஊதாவாகும்போது மூலக்கூறு மாறவேண்டியதில்லை. பழமும் கையில் முழுசாகவே இருக்கிறது. இங்கே நையாயிகர் பக்கம் வலுவானது. நொதி மூலக்கூற்றையே சிதைக்கும்போது வைசேஷிகர் பக்கம் தராசு சாய்கிறது. சிவந்த பிளாக்பெர்ரியில் எவ்வளவு கசிவு, எவ்வளவு சிதைவு என்று அளக்க அதை அரைத்துச் சாறெடுத்தாக வேண்டும். அப்போது நையாயிகர் காக்க நினைத்த முழுப்பழம் இருக்காது.