இல்லை என்பதற்குச் சாட்சி

இருப்பதை நிரூபிப்பது எளிது, காட்டிவிட்டால் போதும். இல்லாததை எப்படிக் காட்டுவது? பிரச்னை பழையது. மணிமேகலையில் சமயக்கணக்கரிடம் திறம் கேட்கும் காதையில் அடுக்கப்படும் அளவைகளில் அபாவமும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவதும் ஒருவகை அறிவே என்பது அந்தக் கட்சி. மீமாம்சகர்களில் குமாரிலர் இதைத் தனி அளவையாக ஒப்புக்கொண்டார், பிரபாகரர் ஒப்பவில்லை. வெறுந்தரையைப் பார்த்து ‘குடம் இல்லை’ என்கிறோம். பார்த்தது தரையையா, குடத்தின் இன்மையையா என்பது தகராறு.

இந்தத் தகராறு இன்று விழுப்புரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேறு உருவத்தில் தொடர்கிறது. வேலையற்றோர் உதவித்தொகைக்கான மனு என்று அதற்குப் பெயர். நான் வங்கியில் கிளார்க். திண்டிவனத்திலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும், மனுவுக்காகப் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொள்ள வருகிறவர்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்து வந்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் தொகை, பத்தாவது தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ்டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும்; மூன்று ஆண்டுகளோடு நின்றுவிடும். பெறுவதற்கு முன், பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அரசிலோ தனியாரிடமோ ஊதியம் வாங்கக் கூடாது. சொந்தத் தொழிலிலும் சம்பாதிக்கக் கூடாது. இதையெல்லாம் ஆண்டுதோறும் சுய உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும்.

தொகையின் அற்பத்தைப் பற்றி எல்லோரும் பேசியாயிற்று. என்னை உறுத்துவது அந்த உறுதிமொழி.

72,000 என்றால் மாதத்துக்கு 6,000. அதற்குள் பிழைக்கும் ஒரு வீடு. அதில் வளர்ந்த ஆள் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு காசும் ஈட்டாமல் இருக்கிறார். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே வீட்டைப் பற்றி ஒரே சமயத்தில் உண்மையாவது அபூர்வம். அந்த வீட்டில் சும்மா இருப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போவார். அறுவடைக்குப் பின் ரைஸ்மில்லில் நாலு நாள் மூட்டை தூக்குவார். பட்டம் வாங்கிய பெண் வீட்டில் ரவிக்கை தைப்பாள். நம் பேச்சுவழக்கு இவற்றை வேலை என்று கொள்வதில்லை. மூட்டை தூக்கிவிட்டு வந்தவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே ‘இவனுக்கு இன்னும் ஒரு வேலை கிடைக்கல’ என்று அம்மா சொல்வாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதையே மகன் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டால் பொய்யாகிவிடுகிறது. கூசாமல் எழுதுகிறவனுக்குப் பணம் வருகிறது. கொஞ்சம் யோசிக்கிறவன் பேனாவை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறான். அறுநூறு ரூபாய்க்கு அரசு வாங்கிக்கொள்வது ஒரு மனிதனின் சொல் நாணயத்தை.

இருந்த வேலை போனவர்களின் நிலை இன்னும் விசித்திரம். ஈ.எஸ்.ஐ. கழகம் 2018இல் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளிக்கு வேலை போனால் சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. ஆனால் கோரிக்கை கடைசி முதலாளி வழியாக வர வேண்டும் என்றிருந்தது. யார் வெளியே அனுப்பினாரோ அவரே ‘ஆம், அனுப்பினேன்’ என்று சாட்சி சொல்ல வேண்டும். 2020இல் ஊரடங்கில் ஆலைகள் மூடிய பிறகுதான் விகிதம் 50 சதவீதமாயிற்று. தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கோரலாம் என்றும் ஆயிற்று. ஒரு எளிய நியாயத்தைக் கண்டுகொள்ள ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டிருக்கிறது.

கிராமத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் முதன்முதலாக அமலான மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. வேலை கேட்டுப் 15 நாட்களுக்குள் கிடைக்காவிட்டால் வேலையின்மைப் படி உண்டு என்று அந்தச் சட்டம் சொன்னது. முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல். அப்புறம் பாதிக்குக் குறையாமல். கேட்டதற்கு அத்தாட்சி தேதியிட்ட ரசீது. ரசீது தர வேண்டிய நிர்வாகமே, தந்தால் பதில் சொல்ல வேண்டியதும். ரசீது இல்லையேல் வேலை கேட்கவில்லை. கேட்கவில்லையேல் வேலையின்மையும் இல்லை. தருக்க நூலார் அபாவத்தின் அபாவம் என்பார்கள்.

மூன்றிலும் அடியோட்டம் ஒன்றுதான். இல்லாமையை நிரூபிக்கும் சுமை இல்லாதவன் தலையில். தண்டம் போட வேண்டியிருக்கும்போது இந்தச் சிரமம் யாருக்கும் இருப்பதில்லை. என் தொழிலிலேயே, இருப்பு குறைந்தால் கட்டணம் பிடிக்கும் கணக்குகள் உண்டு. பணம் இல்லை என்று யாரும் எழுதித் தர வேண்டாம். கம்ப்யூட்டர் தானே கண்டுகொள்கிறது. பென்ஷன்காரர் ஆண்டுக்கொருமுறை உயிர்ச்சான்று தர வருகிறார். அவர் நிரூபிப்பது இருப்பை. வந்து நின்றாலே பாதி நிரூபணம். வேலையற்றவன் வந்து நின்றால் எதுவும் நிரூபணமாவதில்லை.

பொய்க்கணக்கு எழுதுகிறவர்கள் இல்லையா, பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், கணக்கில் பிழைப்பவன் நான், மறுக்க மாட்டேன். காவல் யார் பொறுப்பு என்பதே கேள்வி. பிரிட்டனில் 1921இல், வேலையை மெய்யாகவே தேடினேன் என்று உதவி கோருகிறவனே காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. தேடியும் கிடைக்காததை அவன் எதைக் கொண்டு காட்டுவான்? 1930இல் அந்த விதியை எடுத்தார்கள். தகுந்த வேலை காத்திருந்தது, அவன் மறுத்தான் என்று காட்டும் பொறுப்பு அதிகாரிகள் பக்கம் நகர்ந்தது. அடுத்த ஆண்டே வருமானச் சோதனை என்ற பெயரில் வீட்டுக்குள் வந்து பார்க்கத் தொடங்கினார்கள் என்பது வேறு. ஆயினும் 1930இன் மாற்றத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. வேலை தந்தோம், மறுத்தான் என்பது நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்குச் சாட்சி உண்டு. நம் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவேட்டிலேயே ஐந்தாண்டுகள் அழைப்பு அனுப்பாத கதை இருக்கிறது. இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சியை எந்த இளைஞனும் விழுப்புரத்துக்குக் கொண்டுபோக முடியாது.

திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் ஊர். அந்தப் பாட்டில் பரிசில் பெற்றவன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் கண்ணில் படக் கூசிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு தின்ற வறுமை. அதை அவன் சொல்வது தன்னைப் போன்ற இன்னொரு பாணனிடம். அவனுக்கு வழி காட்டுவதற்காக. கொடுப்பவனிடம் அந்தக் கதவைத் திறந்து காட்ட வேண்டியிருந்ததாகப் பாட்டில் இல்லை. மன்னர்களின் கொடைக்கு ஏங்குவதல்ல என் நோக்கம். உரிமையாக எழுதப்பட்ட படி, தயவாகக் கிடைத்த பரிசிலைவிட மேலானதுதான். ஆனால் உரிமை என்று எழுதிவிட்டு, அடைத்த கதவைத் திறந்து உப்பில்லாத கீரையைக் காட்டு, ஆண்டுதோறும் காட்டு என்று கேட்பதை எந்தப் பெயரால் அழைப்பது?