பக்கத்து இலக்கு

நம் விமர்சனத்தில் 'கச்சிதம்' என்ற சொல் ரொம்பவும் சுலபமாகப் புழங்குகிறது. கச்சிதமான கதை, குறி தவறாத வரி, ஒரு சொல் மிகையில்லாத கவிதை என்றெல்லாம் எழுதுகிறோம். நானும் எழுதுகிறேன். வெகுஜனப் பத்திரிகைகளின் கொழகொழப்புக்கு எதிராக இந்தச் சொல் தேவையாக இருந்தது, இன்னும் தேவைதான். ஆனால் துல்லியம் தன்னளவிலேயே ஒரு மதிப்பா, இல்லை எதைக் குறித்த துல்லியம் என்று கேட்ட பிறகுதான் மதிப்பாகிறதா என்ற கேள்வியை நாம் எதிர்கொள்ளவில்லை. எதிர்கொண்டதாகச் சொல்லிக்கொள்ளும் இன்னொரு கோஷ்டி, இலக்கு சரியாக இருந்தால் போதும், குறி பார்ப்பதே பூர்ஷ்வா வேலை என்கிறது. இரண்டு பக்கமும் உருவம், உள்ளடக்கம் என்ற பழைய வார்த்தைகளையே வீசிக்கொண்டிருப்பதால், இந்தக் கேள்வியை இலக்கியத்துக்கு வெளியே, துல்லியத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லாததாகத் தோன்றும் ஒரு காரியத்தில் வைத்துப் பார்க்கலாம். நெடுந்தூர ரைபிள் சுடுதல் அப்படிப்பட்ட காரியம்.

இங்கிலாந்தில் ஸர்ரே பகுதியில் பிஸ்லி என்ற இடம். அந்நாட்டு நேஷனல் ரைபிள் அஸோஸியேஷனின் திடல்கள் 1890 முதல் அங்கே இருக்கின்றன. ஆபீஸ் போகிறவர்களும் டாக்டர்களும் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் க்ளப் உறுப்பினர்களாக வந்து, குப்புறப் படுத்து, தோல்வாரைக் கையில் இறுக்கி, 900, 1000 கெஜம் தள்ளி நிற்கும் வட்டத்தைச் சுடுகிறார்கள். இந்தப் பந்தயத்துக்கான ரைபிளில் டெலஸ்கோப் கிடையாது. கண்ணுக்கருகில் ஒரு துளை, முனையில் ஒரு வளையம், அவ்வளவுதான். 1000 கெஜத்தில் நடுவட்டத்தின் விட்டம் சுமார் இரண்டு அடி. குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிறது. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே காற்றடித்தால் அது ஆறு அடிக்கும் மேலே ஒதுங்கிவிடும். ஆகவே சுடுகிறவன் கொடிகளின் படபடப்பையும், பக்கத்தில் தரையில் நிறுத்திய டெலஸ்கோப்பில் கானல் ஓடும் திசையையும் பார்த்து, குறிக்கருவியைத் திருகி, வட்டத்தைப் பார்த்தபடியே வட்டத்துக்கு வெளியே சுடுகிறான். காற்று அதை உள்ளே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

இலக்குக்குக் கீழே பள்ளத்தில் இருப்பவர் அதை இறக்கி, துளையில் ஒரு வில்லையைச் செருகி, மறுபடி ஏற்றிக் காட்டுகிறார். இப்போது சில இடங்களில் மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. இரண்டு மூன்று பேர் ஒரே இலக்கில் மாறிமாறிச் சுடுவார்கள். ஒருவன் எடுக்கும் எண்ணை அடுத்தவன் எழுதுவான். முதல் பரிசான ராஜா பரிசு 250 பவுன். 1860-ல் விக்டோரியா மகாராணி வைத்த அதே தொகை. ஜெயித்தவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பசிக்கோ பதவிக்கோ இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. கலையைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்துகிறது.

ஆனால் இது பிறந்தது அப்படி அல்ல. 1859-ல் பிரான்ஸ் படையெடுத்து வந்துவிடும் என்ற பீதி இங்கிலாந்தில் பரவியது. தொண்டர் படைகள் கிளம்பின. ஆஸ்தான கவி டென்னிஸன் ரைபிள்காரர்களை அணி திரளச் சொல்லி டைம்ஸ் பத்திரிகையில் கவிதை எழுதினார். அந்த ஆண்டில்தான் அஸோஸியேஷன் உருவாயிற்று. மனிதனைத் தூரத்திலிருந்து கொல்லக் கற்றுத் தருவது என்ற நோக்கத்திலிருந்து கொல்வதைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அதுதான் க்ளப்காரனின் பொழுதுபோக்கு. இந்தக் கழித்தல் சாத்யமா என்பதே என் கேள்வி.

1860 ஜூலையில் விம்பிள்டனில் நடந்த முதல் கூட்டத்தில் முதல் குண்டை விக்டோரியாவே சுட்டார். விட்வொர்த் ரைபிளை ஒரு இரும்புத் தாங்கியில் பூட்டி, முன்கூட்டியே குறியைச் சரிசெய்து, விசையில் ஒரு பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மகாராணி கயிற்றை இழுத்தார். 400 கெஜம் தள்ளி இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. இதை விடக் கச்சிதம் வேண்டாம். ஆனால் இதில் அவருடையது என்று சொல்ல என்ன இருக்கிறது? விளைவு முழுமையாக இருக்கிறது, செயல் இல்லை. பட்டுக் கயிறு இழுக்கும் கவிஞர்கள் நம்மிடமும் உண்டு. தாங்கியில் பூட்டிய படிமம், யாரோ சரிசெய்து வைத்த தொனி.

இதற்கு நேர் எதிரானவன் ஸ்டோயிக்குகளின் வில்லாளி. கி.மு. 45-ல் சிசரோ எழுதிய நூலில் கேட்டோவின் வாயிலாக அவன் வருகிறான். குறி பார்க்கத் தன்னால் ஆனது அனைத்தையும் செய்வதே அவனுடைய இறுதி நோக்கம். அம்பு இலக்கைத் தைப்பது விரும்பித் தேர்ந்துகொள்ளத் தக்கது, ஆனால் அவன் மேன்மை அதில் இல்லை. நாண் விட்ட பின் காற்று கெடுத்தால் அது அவன் குறை அல்ல. உடனே நமக்குக் கீதை ஞாபகம் வரும், பலனில் பற்றில்லாமல் என்று ஆரம்பிப்போம். அந்த அவசரம் வேண்டாம். பிஸ்லியில் படுத்திருப்பவன் பலனில் பற்றற்றவன் அல்ல. ஒவ்வொரு குண்டு எங்கே விழுந்தது என்பதை நோட்டில் குறித்து, அதை வைத்து அடுத்த குண்டுக்குக் காற்றைத் திருத்துகிறான். பலனைப் பார்க்காதவனுக்குத் திருத்தமும் இல்லை. அங்கே ஒரு விதியும் உண்டு. முதல் இரண்டு குண்டுகள் வெள்ளோட்டம். அவை நன்றாக விழுந்தால், அடுத்ததைச் சுடுமுன், கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். ஒரு செயல் செயலா ஒத்திகையா என்பதைப் பலனைப் பார்த்த பிறகு தீர்மானிக்கும் இந்தச் சலுகைதான் க்ளப்பை வாழ்க்கையிலிருந்து பிரிக்கிறது.

ஸ்டோயிக் வில்லாளியின் நியாயம் காற்றால் கெட்டவனைக் காப்பாற்றுகிறது. அது காப்பாற்ற முடியாத ஒருவன் இருக்கிறான். 1874 செப்டம்பர் 26, நியூயார்க்கை அடுத்த க்ரீட்மோர் திடல். ஆயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் 800, 900, 1000 கெஜப் பந்தயம், பக்கத்துக்கு ஆறு பேர். ஆயர்லாந்து அணியின் மில்னர் குறி பார்த்துச் சுட்டார். குண்டு நடுவட்டத்தில் விழுந்தது, பக்கத்து இலக்கின் நடுவட்டத்தில். கிடைக்க வேண்டிய நான்கு புள்ளிக்குப் பதில் பூஜ்யம். முடிவில் அமெரிக்கா 934, ஆயர்லாந்து 931. 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில், ஐம்பது மீட்டர் பந்தயத்தில், கடைசிக் குண்டு வரை முதலிடத்தில் இருந்த அமெரிக்கர் மாத்யூ எம்மன்ஸுக்கும் இதுவே நேர்ந்தது. அவர் எட்டாவது இடத்துக்குப் போனார்.

இங்கே காற்று கெடுக்கவில்லை. கை நடுங்கவில்லை. மூச்சு, விசை, பார்வை எல்லாம் சரி. ஒன்றை மட்டும் பார்க்கவில்லை: இலக்கின் எண்ணை. எண் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. வட்டத்துக்குள் பார்வையைச் சுருக்குவதால்தான் துல்லியம் சாத்யமாகிறது. அதே சுருக்கத்தால்தான் தவறான வட்டமும் சாத்யமாகிறது. திறமைக் குறைவால் வரும் பிழை அல்ல இது. திறமையோடு கூடவே வருவது. எந்த வட்டம் என்பதை வட்டம் சொல்லாது.

வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இது புதிதல்ல. தொகையைத் தப்பாக எழுதினால் சாயங்காலம் கணக்கு ஒத்துவராது, எங்கோ பிழை என்று கூச்சல் போடும். சரியான தொகையை வேறொருவர் கணக்கில் வரவு வைத்தால் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். அன்றைய தினத்தின் துல்லியத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. பென்ஷனுக்கு வந்து நிற்கும் ஒரு கிழவர் கேட்கும்வரை அது பிழையே அல்ல. கேட்க ஒருவர் இருப்பதால்தான் அது பிழை ஆகிறது.

துரோணர் வைத்த பரீட்சையை நாம் எப்போதும் அர்ஜுனன் பக்கமிருந்தே சொல்லி வந்திருக்கிறோம். மரம் தெரிகிறது, அண்ணன் தம்பிகள் தெரிகிறார்கள், நீங்களும் தெரிகிறீர்கள் என்ற தருமனைக் குரு தள்ளி நிறுத்தினார். பறவை மட்டுமே, கடைசியில் அதன் தலை மட்டுமே தெரிந்தவன் தேறினான். ஆனால் அது சிற்பிகள் செய்த பொம்மைப் பறவை. அதே அர்ஜுனனுக்குக் குருக்ஷேத்திரத்தில் தருமனின் கண் வந்துவிடுகிறது. பிதாமகர் தெரிகிறார், உறவுக்காரர்கள் தெரிகிறார்கள், பறவையைக் காட்டிய துரோணரே தெரிகிறார். வில் நழுவுகிறது. அவனுடைய ஒழுக்க உணர்வு அந்த இடத்தில்தான் விழிக்கிறது, குறி தவறும் இடத்தில். அதற்கப்புறம் அவனுக்குச் சொல்லப்பட்ட சமாதானங்களைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். அவன் கண்டது பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

க்ளப் என்பது பொம்மைப் பறவை என்றைக்கும் பொம்மையாகவே இருக்கும் என்ற வாக்குறுதி. பிரிட்டிஷ் சட்டம் இதை விசித்திரமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ரைபிள் உரிமம் கேட்பவன் தக்க காரணம் காட்ட வேண்டும். க்ளப்பில் இலக்கைச் சுடுவது தக்க காரணம். தற்காப்பு பொதுவாகத் தக்க காரணம் அல்ல. அதாவது மனிதனுக்கு எதிராக வைத்திருக்க விரும்புகிறவனுக்குத் துப்பாக்கி இல்லை. வட்டத்துக்கு எதிராக வைத்திருப்பவனுக்கு உண்டு. அழகியலில் கான்ட் சொன்ன நோக்கமற்ற நோக்குடைமையை ஒரு போலீஸ் அதிகாரி படிவத்தில் நிரப்பச் சொல்கிறார்.

1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தில் டன்ப்ளேன் என்ற ஊரின் ஆரம்பப் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவனின் கைத்துப்பாக்கிகள் உரிமம் பெற்றவை. துப்பாக்கி க்ளப்களில் சுட்டுப் பழகியவன் அவன். 1997-ல் வந்த இரண்டு சட்டங்கள் அந்த நாட்டில் கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடும் பொழுதுபோக்கைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கின. நெடுந்தூர ரைபிள் தப்பியது. வருஷக்கணக்கில் வட்டத்தை மட்டுமே சுட்ட ஆயிரக்கணக்கானோர், நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் எதுவும் செய்யவில்லை. ஆனால் பயனற்றது என்ற ஒரே காரணத்தால் அனுமதிக்கப்பட்ட ஒன்று, அதன் பழைய பயனை மறந்துவிடவில்லை என்பது தெரிந்துபோயிற்று. கழித்தல் முடிந்துவிட்ட கணக்கு அல்ல. ஒவ்வொரு தடவையும், ஒவ்வொருவனும் புதிதாகச் செய்ய வேண்டியது.

தூய செயலைப் பற்றிப் பேசும்போது நம் நண்பர்கள் ஹெரிகலின் ஜென் வில்வித்தை நூலைக் கையில் எடுப்பார்கள். எய்பவன் மறைந்து அம்பு தானே செல்லும் நிலையை அழகாக எழுதியவர். 1948-ல் நூல் வந்தது. 1937-ல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார். இதைச் சொல்லி நூலைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. 'நான்' கரைந்துபோன இடத்தில், எந்த இலக்கு என்று கேட்க வேண்டிய ஆளும் கரைந்துபோகிறான் என்பதைத்தான் சொல்கிறேன்.

இதிலிருந்து மறு கோஷ்டி சந்தோஷப்பட எதுவும் இல்லை. சரியான திசையில் துப்பாக்கியைத் திருப்பிக் கண்ணை மூடிச் சுடுவதை நான் ஆதரிக்கவில்லை. அவர்களுக்கு இலக்கின் எண் மட்டும் தெரியும். அதையும் வேறு யாரோ சொல்லித் தெரியும். காற்றைப் பார்க்காதவன் எந்த இலக்கையும் தொடப்போவதில்லை. துல்லியம் வேண்டும். ஆனால் அது தனக்கான காரணத்தைத் தானே தந்துகொள்ள முடியாது, தான் எங்கே விழுந்தோம் என்பதையும் தானே சொல்லிக்கொள்ள முடியாது. பிஸ்லியில் தன் எண்ணைத் தானே யாரும் எழுதிக்கொள்வதில்லை. முந்நூறு பேர் படிக்கும் ஒரு பத்திரிகைக்கு இதைத் தவிர வேறு நியாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விசையைத் தொடுமுன் வட்டத்திலிருந்து கண்ணை எடுத்து ஒரு தடவை எண்ணைப் பார்க்க வேண்டும். அந்தக் கணம் குறியைக் கலைக்கும், மூச்சு தவறும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நேரும். அந்தக் கணத்தைக் கொடுக்க மறுக்கும் கவிதையை, அதன் வரிகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், இனிமேல் கச்சிதம் என்று எழுத எனக்குச் சம்மதமில்லை.